எந்தக் கார் நாளைய கிளாசிக் ஆகும்? இறங்கிய விலை ஏறுவதன் பின்னணி

"இந்த வண்டியை மட்டும் விற்றுவிடாதே, இருபது வருடம் போனால் இதன் விலையே வேறு" என்ற அறிவுரையைக் கார் வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். அப்படிச் சொல்பவர் வழக்கமாக மூன்று காரணங்களில் ஒன்றைக் காட்டுவார்: வண்டிக்கு வயதாகிறது, அந்த மாடல் இனி வராது, அல்லது அது குறைந்த எண்ணிக்கையில் வந்த சிறப்புப் பதிப்பு. இவற்றில் எதுவும் தனியாக நின்று விலையை ஏற்றுவதில்லை. வயதான கார்களில் ஆகப் பெரும்பாலானவை காயலான் கடைக்குத்தான் போயின. நிறுத்தப்பட்ட மாடல்களில் பலவற்றின் பெயரே இன்று யாருக்கும் நினைவில்லை. அப்படியிருந்தும் சில கார்கள் அடிமட்ட விலைக்கு இறங்கிய பிறகு, வாங்கிய விலையைப் போலப் பல மடங்குக்கு ஏறியிருக்கின்றன. அந்த ஏற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இரண்டு சொற்கள்

பேச்சில் நாம் விண்டேஜ், கிளாசிக் என்ற இரு சொற்களையும் ஒரே பொருளில் கலந்து பயன்படுத்துகிறோம். விண்டேஜ் என்பது வயதைக் குறிக்கும் சொல். பிரிட்டனின் ஆர்வலர்கள் 1919 முதல் 1930 வரை தயாரான கார்களை அப்பெயரால் அழைக்கிறார்கள். இந்தியாவில் 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் மூல வடிவிலேயே பராமரிக்கப்படும், வணிகப் பயன்பாட்டில் இல்லாத வாகனமே விண்டேஜ்.

கிளாசிக் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வயது வரம்பு கிடையாது. இக்கட்டுரையில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான்: அதைவிட வேகமான, வசதியான, பாதுகாப்பான புதிய கார் அதே விலைக்குக் கிடைக்கும்போதும், மக்கள் தேடிப் போய் வாங்குகிற பழைய கார். அந்த நிலையை இன்னும் எட்டாமல், எட்டக்கூடும் என்று நாம் கணிக்கிற காரையே எதிர்காலக் கிளாசிக் என்கிறோம்.

பித்தளை அண்டாவின் கதை

எவர்சில்வர் பாத்திரங்கள் பரவலான காலத்தில், தமிழ்நாட்டு வீடுகளிலிருந்த பித்தளை அண்டாக்களும் குத்துவிளக்குகளும் வெண்கலப் பானைகளும் எடைக்குப் போடப்பட்டன. புளி போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை, ஈயம் பூச வேண்டியதில்லை என்ற வசதிக்காக நம் பாட்டிமார் அவற்றை மகிழ்ச்சியோடு கழித்துக்கட்டினார்கள். இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அதே அண்டாவை, அதே பாட்டியின் பேரப்பிள்ளைகள், உலோகத்தின் எடைக்குச் சற்றும் தொடர்பில்லாத விலையில் வாங்கிப் போகிறார்கள்.

இதில் நிகழ்ந்தவற்றை வரிசையாகப் பார்க்கலாம். முதலில் அந்தப் பொருள் எல்லோர் வீட்டிலும் இருந்தது. பிறகு அதைவிட வசதியான ஒன்று வந்ததால் அதன் மதிப்பு எடை விலைக்கு இறங்கியது. மதிப்பு இறங்கியதால் அது உருக்கப்பட்டு எண்ணிக்கை சுருங்கியது. கடைசியாக, அதைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் கையில் பணம் சேர்ந்த வயதில் அதைத் திரும்பத் தேடினார்கள். கிளாசிக் கார்களின் விலையும் ஏறத்தாழ இந்த வழியிலேயே நடக்கிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு பொருளையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சேகரிப்பவர்களுக்காகவே பெட்டியில் வைத்து விற்கப்படும் நினைவு நாணயங்களைப் பலர் வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். வாங்கிய எல்லோரும் பத்திரப்படுத்துவதால் அவை அழிவதில்லை. அழியாத பொருள் அபூர்வமாவதும் இல்லை.

தேய்மானமும் பள்ளத்தாக்கும்

ஷோரூமிலிருந்து வெளியே வந்த கணத்தில் தொடங்கி ஆண்டுதோறும் காரின் விலை குறைந்துகொண்டே போவதற்குத் தேய்மானம் என்று பெயர். இந்தச் சரிவை ஒரு தாளில் வரைந்தால், தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு சாய்ந்து, ஏதோ ஒரு கட்டத்தில் தரையோடு தரையாகப் படுத்துவிடும். பெரும்பாலான கார்களின் கதை அங்கேயே முடிகிறது. மிகச் சிலவற்றுக்கு மட்டும் அந்தக் கோடு மறுபுறம் எழும்புகிறது. இரண்டு சரிவுகளுக்கும் நடுவே இருக்கும் தாழ்ந்த பகுதியை இங்கே பள்ளத்தாக்கு என்று அழைப்போம்.

பள்ளத்தாக்கில் இருக்கும்போதுதான் ஒரு காரின் எதிர்கால விலை உருவாகிறது. அங்கே அது மூன்றாம், நான்காம் கைக்கு மாறுகிறது. பழுதுபார்க்கும் செலவு காரின் விலையையே தாண்டுகிறது. கியர்பாக்ஸ் போனால் பிரித்து விற்றுவிடுவதே லாபம் என்று ஆகிறது. இவ்வாறு குறைந்த விலையே காரை அழிக்கிறது, அந்த அழிவே மிஞ்சியவற்றை அருமையாக்குகிறது.

இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு ஃபெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே தயாரான பந்தயக் கார் அது. பந்தயக் கார் என்பது அடுத்த ஆண்டின் கார் வந்ததும் பயனற்றுப் போகிற ஒன்று. அவற்றுள் ஒன்று 1960-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு, மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகும் வண்டியாக இருந்தது. 1972-இல் அது 6,500 டாலருக்கு விற்கப்பட்டு, பிறகு சுமார் 15 ஆண்டுகள் ஒஹையோ மாநிலத்தில் ஒரு வயல்வெளியில் டிரெய்லர் மீது வெயிலிலும் பனியிலும் நின்றது. அதே மாடலைச் சேர்ந்த வேறொரு கார் 2018-இல் மான்டெரே ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. டிரெய்லரைத் தினமும் கடந்து சென்றவர்களை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை, ஏனெனில் பள்ளத்தாக்கில் நிற்கும் கார் எப்போதும் குப்பையைப் போலத்தான் காட்சியளிக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவே: விலை முதலில் விழுகிறது, விழுந்த விலை எண்ணிக்கையைக் குறைக்கிறது. இனி, எழுச்சிக்குத் தேவையான மறுபாதி, அதாவது வாங்குபவர்.

சுவரில் ஒட்டிய படம்

எண்ணிக்கை குறைந்தாலும் தேட ஆள் வேண்டும். பதினைந்து வயதில் அறைச் சுவரில் படமாக ஒட்டி வைத்த காரை, ஒருவர் நாற்பத்தைந்து வயதில், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் ஓரளவு முடிந்த நிலையில் வாங்க முற்படுகிறார். ஒரு காருக்கான தேவை, அதைப் பார்த்து ஏங்கிய தலைமுறை சம்பாதிக்கும் வயதை எட்டும்போது உயர்ந்து, அத்தலைமுறை முதுமை அடையும்போது தளர்கிறது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சாதாரண கார்களுக்கு ஒரு காலத்தில் இருந்த தேவை இன்று குறைந்திருப்பதற்கு இதுவே காரணம். அவற்றின் மீது ஏக்கம் கொண்டிருந்தவர்கள் இப்போது இல்லை.

ஜப்பானியக் கார்களின் ஏற்றம் இதை அழகாகக் காட்டுகிறது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் அமெரிக்க ஷோரூம்களில் விற்கப்படவே இல்லை. அங்குள்ள இளைஞர்கள் அதை வீடியோ விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலும்தான் ஓட்டினார்கள். 1988-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்படாத கார்களை இறக்குமதி செய்வதை ஏறக்குறைய முடக்கியது, ஆனால் தயாராகி 25 ஆண்டுகள் கடந்தவற்றுக்கு விலக்கு அளித்தது. 1989-இல் வந்த ஆர்32 வகை ஜிடி-ஆருக்கு 2014-இலும், 1999-இல் வந்த ஆர்34 வகைக்கு 2024-இலும் அந்தக் கதவு திறந்தது. திறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஜப்பானில் விலைகள் ஏறத் தொடங்கின. இத்துறையில் நாள்காட்டியைப் பார்த்தே சொல்லக்கூடிய கணிப்புகள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

ஏக்கம் எவ்வளவு வலியது என்பதை ஏறத்தாழ ஒரே காலத்து இரு கார்களை அருகருகே வைத்தால் உணரலாம். ஃபெராரி எஃப்40 தொடக்கத்தில் 400 மட்டுமே என்று சொல்லப்பட்டு, கடைசியில் 1,300-க்கு மேல் தயாரிக்கப்பட்டது. ஜாகுவார் எக்ஸ்ஜே220 மொத்தமே 300-க்குக் குறைவு. எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கும் என்றால் ஜாகுவாரே பல மடங்கு விலை போக வேண்டும், ஆனால் நடந்தது தலைகீழ். எஃப்40, நிறுவனர் என்ஸோ ஃபெராரி உயிருடன் இருந்தபோது வெளிவந்த கடைசி ஃபெராரி. ஒரு தலைமுறையின் சுவர்களை நிறைத்த கார். எக்ஸ்ஜே220-ஐ 1988-இல் காட்சிக்கு வைத்தபோது 12 சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் இருந்தன. கைக்கு வந்த காரில் டர்போ பொருத்திய 6 சிலிண்டர் எஞ்சினும் பின்சக்கர இழுவையும் இருந்தன. முன்பணம் கட்டியவர்களில் பலர் வண்டியை எடுக்க மறுத்து வழக்காடினார்கள். வெளிவந்த நாளிலேயே கசப்போடு பேசப்பட்ட கார் பல பத்தாண்டுகள் அந்த நிழலிலிருந்து மீளவில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் அது அநீதியாகவே படுகிறது, மிக அழகான வண்டி அது. ஆனால் சந்தை என் ரசனையைக் கேட்டு நடப்பதில்லை.

"இதுதான் கடைசி" என்ற விளம்பரம்

தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதிகளில் முதன்மையானது இதுவே, ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1976-இல் காடிலாக் நிறுவனம் தன் எல்டொராடோ கூரை திறக்கும் காரை, அமெரிக்காவில் தயாராகும் அவ்வகைக் கார்களில் இதுவே கடைசி என்று சொல்லி விற்றது. கார் உருண்டால் பயணிகளைக் காக்கும் கடுமையான விதி வரப்போகிறது, அதன் பிறகு கூரையில்லாத காரைத் தயாரிக்கவே முடியாது என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. அவ்வாண்டில் 14,000 கார்கள் தயாராயின. கடைசி 200-ஐ ஒரே மாதிரி வெள்ளை நிறத்தில் செய்தார்கள். மக்கள் முதலீடாக வாங்கி, ஓட்டாமல் நிறுத்தி வைத்தார்கள். விலையும் உடனடியாக ஏறியது. பிறகு, அஞ்சிய விதி வரவே இல்லை. 1984 மாடலாகக் காடிலாக்கே மீண்டும் கூரை திறக்கும் எல்டொராடோவைக் கொண்டுவந்தது. ஏமாந்தவர்களில் சிலர் நீதிமன்றம் வரை போனார்கள்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-இல், இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை முன்னின்று தொடங்கி வைத்த செவ்ரலே கார்வெட்டின் நகலாக 6,502 கார்கள் விற்கப்பட்டன. பட்டியல் விலை 13,653 டாலர்; ஆரம்பப் பரபரப்பில் அதன் இரு மடங்கு கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கார்களில் கணிசமானவை, இருக்கை மீதிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால் அவை அன்று கொடுத்த பணத்தைக்கூடத் திருப்பித் தருவதில்லை. நினைவு நாணயத்தின் கதையே இங்கு நான்கு சக்கரத்தில் ஓடியிருக்கிறது. மன்னிக்கவும், ஓடவில்லை, நின்றிருக்கிறது.

அண்மைக் காலத்தில் இதன் மென்மையான வடிவத்தைப் போர்ஷே 911 ஆர் காட்டியது. 2016-இல் 991 கார்கள் மட்டும் வந்தன. அப்போது அந்நிறுவனத்தின் ஜிடி3 காரில் தானியங்கி கியர் மட்டுமே கிடைத்ததால், மேனுவல் கியர் கொண்ட 911 ஆருக்குப் பட்டியல் விலையைவிடப் பல மடங்கு கேட்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜிடி3-இல் மேனுவல் கியரை மீண்டும் கொடுத்து, பின்புறச் சிறகு இல்லாத டூரிங் வடிவத்தையும் நிறுவனம் அறிமுகப்படுத்த, 911 ஆரின் விலை இறங்கியது.

ஆக, ஒன்று முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், கதவை மூடியது யார், அவரால் அதை மறுபடி திறக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் தாமாக மூடிய கதவைத் தாமே திறந்துவிடலாம். காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின் கொண்ட போர்ஷே 911 கார்கள் 1998-இல் நின்றது வேறு வகை முடிவு. கடுமையாகிக்கொண்டே போன புகை, இரைச்சல் கட்டுப்பாடுகளை எட்டவும் எஞ்சினின் திறனைக் கூட்டவும் நீரால் குளிர்விப்பதே வழியாக இருந்தது. நிறுவனமே விரும்பினாலும் அந்த எஞ்சினை இன்றைய புதிய காரில் வைத்துச் சாலையில் விற்க இயலாது. தொழில்நுட்பமும் நடைமுறைக்கு வந்துவிட்ட சட்டமும் சேர்ந்து மூடிய கதவு உறுதியானது. அக்கார்களின் விலை பின்னாளில் வெகுவாக ஏறியது இதனால்தான்.

அன்று யாரும் கேட்காதவை

பித்தளை அண்டாவின் தர்க்கப்படி, வெளிவந்தபோது வாங்குபவர்கள் ஒதுக்கியவற்றையும் கவனிக்க வேண்டும். ஃபெராரி 599 ஜிடிபி வாங்கியவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரல் தொடுகையில் கியர் மாற்றும் அமைப்பையே தேர்ந்தெடுத்தார்கள், ஏனெனில் அதுவே வேகமானது, புதுமையானது. மேனுவல் கியரோடு சுமார் 30 கார்கள் மட்டுமே தயாராயின. பிறகு ஃபெராரி மேனுவல் கியரையே கைவிட்டது. இன்று அந்த முப்பதில் ஒன்று விற்பனைக்கு வந்தால், மற்றபடி ஒத்திருக்கும் தானியங்கிக் காரைவிடப் பல மடங்கு விலை போகிறது.

லெக்சஸ் எல்எஃப்ஏ இன்னும் சுவையான கதை. 2010 முதல் 2012 வரை 500 கார்கள். அமெரிக்க விலை 3,75,000 டாலர். யமஹாவுடன் இணைந்து உருவாக்கிய அதன் 10 சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகளை 0.6 விநாடியில் எட்டிவிடும்; முள் வைத்த மானி அந்த வேகத்தைத் தொடர முடியாததால் மின்னணுத் திரையைப் பொருத்தினார்கள். இவ்வளவு இருந்தும், ஃபெராரி விலையில் லெக்சஸா என்று பணக்காரர்கள் தயங்க, உற்பத்தி முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் சில கார்கள் விற்காமல் கிடந்தன. டர்போ இல்லாமல், இயல்பாகக் காற்றை உள்ளிழுத்து இவ்வளவு வேகமாகச் சுழலும் எஞ்சின்கள் அருகிப்போன பிறகு, ஏலங்களில் அதன் விலை அறிமுக விலையைப் போல இரு மடங்கைத் தாண்டியது.

சர்க்யூட் போர்டு என்ற சிக்கல்

பழைய காரின் கார்புரேட்டர் உடைந்தால் நல்ல லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். இருபது வயதான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துவிட்டால், அதிலுள்ள சில்லும் மென்பொருளும் எங்கும் கிடைக்காமல் போகலாம். 106 மட்டுமே தயாரான மெக்லாரன் எஃப்1 காரைப் பராமரிக்க, காம்பாக் என்ற நிறுவனத்தின் 1990-களின் மடிக்கணினி ஒன்றையே அந்நிறுவனம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம்பியிருந்தது. காரோடு பேசும் மென்பொருள் வேறெதிலும் ஓடவில்லை. 2 கோடி டாலருக்கு மேல் விலைபோகும் காருக்கு இப்படி ஒரு கணினியைக் காப்பாற்றி வைப்பார்கள். சாதாரண விலைக் காருக்கு யார் வைப்பார்கள்? தொடுதிரையிலேயே எல்லாம் அடங்கிய இன்றைய கார்களைப் பற்றியும், பேட்டரியே பெரும்பங்கு விலையாக உள்ள மின்சாரக் கார்களைப் பற்றியும் கணிக்கும்போது இந்த ஐயத்தைக் கழித்துவிட முடியாது.

நிறுத்தி வைக்கும் செலவு

10 லட்சம் ரூபாய் காரை 20 ஆண்டுகள் பாதுகாத்தால் எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்று கணக்கிடுவோம். அதே பணம் 7 விழுக்காடு கூட்டு வட்டியில் சுமார் 38.7 லட்சம் ஆகியிருக்கும். காப்பீடு, பேட்டரி, எண்ணெய், டயர் என ஆண்டுக்கு 30,000 ரூபாய் செலவானால், வட்டியோடு சேர்த்து அது சுமார் 12.3 லட்சம். ஆக 51 லட்சத்துக்கு விற்றால்தான் நட்டம் இல்லாமல் தப்பிக்கலாம். ஓட்டாமல் வைத்தால் செலவு மிச்சம் என்பதும் தவறான நம்பிக்கை: ரப்பர் ஓடாமலேயே இறுகுகிறது, டேங்கில் நிற்கும் பெட்ரோல் கெடுகிறது, எஞ்சினின் சீல்கள் காய்ந்து கசிகின்றன.

இதனால் பெரும்பாலோருக்கு லாபம் தருவது பள்ளத்தாக்கில் வாங்குவதே. செங்குத்துச் சரிவை வேறொருவர் சுமந்திருப்பார்.

இந்தியச் சாலையில்

இந்தியாவில் இந்த வளைவுக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்கள் மீது கட்டுப்பாடுகள் வந்தன. விண்டேஜ் என்ற தனிப் பதிவோ 50 ஆண்டு முடிந்தால்தான். 15-க்கும் 50-க்கும் இடைப்பட்ட அந்த 35 ஆண்டுகள் ஒரு காரைக் காப்பாற்றுவது உரிமையாளரின் பிடிவாதம் மட்டுமே. விளைவாக, மற்ற நாடுகளைவிட இங்கே பள்ளத்தாக்கு ஆழமானது, மிஞ்சுபவை குறைவு.

என் கணிப்பைக் கேட்டால், 2016-இல் 99 மட்டுமே என்று சொல்லி வந்து, சாதாரண போலோவைப் போலவே தெரிகிறது என்பதால் வாங்க ஆளின்றிப் பெரிய தள்ளுபடியில் போன வோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ-ஐ ஒரு கண் பார்த்து வைப்பேன். நம்மூர் எல்எஃப்ஏ என்று சொல்லத்தக்க வரலாறு அதற்கு இருக்கிறது. ஆனால் முதலிடம் அதற்குக் கொடுக்க மாட்டேன். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800-இன் முதல் வடிவம், சில ஆண்டுகளில் உருமாறிய புதிய வடிவத்துக்கு வழிவிட்டது. மொத்தத்தில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற காரின் மூத்த பிள்ளை அது. எல்லார் தெருவிலும் நின்றது, எவரும் பாதுகாக்க நினைக்கவில்லை, முதல் குடும்பக் காராக அதில் ஏறிய குழந்தைகள் இப்போது நாற்பதுகளில் இருக்கிறார்கள். அண்டாவுக்கு இருந்த எல்லாமே இதற்கும் இருக்கிறது.

அப்படி ஒன்று வீட்டில் இருந்தால், பெயின்ட் அடிக்கவோ அலாய் வீல் போடவோ அவசரப்பட வேண்டாம். எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். முதல் வாங்கல் ரசீது, சர்வீஸ் புத்தகம், பழைய காப்பீட்டுத் தாள்கள் ஆகியவற்றை ஒரே உறையில் சேருங்கள். எப்போதோ கழற்றி மாற்றிய ஸ்டீயரிங்கும் சக்கர மூடிகளும் பரணில் கிடந்தால், அடுத்த போகிக்கு அவற்றை வெளியே எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.